பல் சொல்லாதது

இறுதிப் போட்டிக்கு ஐம்பது மணி நேரம் இருந்தபோது வாகினி ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டினார். டிராம் ஓட்டுநரின் சீருடையில் இருந்தார். கையில் பாதி உரித்த வாழைப்பழம்.

"சாப்பாட்டு இடைவேளையில வந்தனான். நாலு மணிக்கு விசாரணை. அதுக்கு முதல் அம்பயர் வந்து ரீடிங்கைப் பாக்கலாம் எண்டு விதியில இருக்கு. நீங்கள்தானே நறுமுகை?"

நறுமுகை எழுந்து நின்றாள். வாகினியை அவள் திரையில்தான் பார்த்திருக்கிறாள். பெண்கள் லீக்கில் மூத்த நடுவர். மைதானத்தில் உயரமாகத் தெரிவார். நேரில் அவளுடைய தோள் அளவுதான் இருந்தார்.

"நான் தமிழ்னு எப்படிக்கா தெரியும்?"

"கதவில பேர் கிடக்கு. உந்தப் பேரை வெள்ளைக்காரன் வைப்பானே?"

நறுமுகைக்குச் சிரிப்பு வந்தது. கரூரிலிருந்து மெல்பர்னுக்குப் படிக்க வந்து, இயற்பியலை முடித்து, இந்த நிறுவனத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலையிடத்தில் அவளை யாரும் சிரிக்க வைத்ததில்லை.

மேசையில் நீல நிறத்தில் ஒரு பற்கவசம் இருந்தது. ஆட்டக்காரர்கள் வாயில் கடித்துக்கொள்ளும் ரப்பர் கவசம். அதற்குள் அரிசி அளவில் ஓர் உணரி. நிறுவனம் அதற்கு நீளமான ஒரு பெயர் வைத்திருந்தது. பார்க்க வருகிற கூட்டம் சுருக்கமாகப் 'பல்' என்றது.

"இது எப்பிடி வேலை செய்யுது எண்டு எனக்கு ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லேல்லை," என்றார் வாகினி. "என்ர காதுக்குள்ள 'கீச்' எண்டு சத்தம் வரும். வந்தா விசில் ஊத வேணும். அவ்வளவுதான் தெரியும்."

"ஒருத்தர் பந்தை எங்க அனுப்பணும்னு முடிவு பண்றப்ப, கை அசையறதுக்கு முன்னாடியே தாடை அந்தப் பக்கமா லேசா இறுகும்க்கா. அவங்களுக்கே தெரியாது. இது அதைப் படிச்சிடும். எல்லைக்கோட்டுக்கு வெளியே அனுப்பணும்னுதான் நெனச்சாங்களா, இல்ல தவறிப் போச்சான்னு சொல்லிடும்."

"மனசை."

"மனசைன்னு சொல்ல முடியாது. குறியை."

ஆஸ்திரேலியக் கால்பந்து நீள்வட்ட மைதானத்தில் முட்டை வடிவப் பந்தோடு ஆடப்படுவது. பந்தை உதைக்கலாம், முஷ்டியால் குத்தியும் அனுப்பலாம். அது கோட்டைத் தாண்டிப் போனால் நடுவர்கள் உள்ளே எறிவார்கள், ஆட்டம் தொடரும். ஆனால் ஒருவர் வேண்டுமென்றே வெளியே அனுப்பினால் அது குற்றம். எதிரணிக்குத் தனி உதை, அதாவது ஃப்ரீ கிக், கிடைக்கும். அந்த 'வேண்டுமென்றே' எது என்பதில்தான் தலைமுறைகளாகச் சண்டை. நடுவர் ஒரு கணத்தில் இன்னொருவரின் எண்ணத்தை ஊகிக்க வேண்டும். ஊகித்ததும் பாதி மைதானம் அவரைத் திட்டும்.

"உங்களுக்கு இது பிடிக்காதுன்னு நெனச்சேன்," என்றாள் நறுமுகை.

"ஏன் பிடிக்காது? வேணும் எண்டு முதல்ல கை தூக்கினதே நான்தான். ஒருத்தன் எனக்கு மேல துப்பினவன், தெரியுமோ? 'நீ என்ன மனசை வாசிப்பியோ, போய் உன்ர டிராமை ஓட்டு' எண்டு கத்தினவன். இனி மெசின் வாசிக்கட்டும், மெசினில துப்பட்டும் எண்டு நினைச்சனான்."

நறுமுகை திரையை அவர் பக்கம் திருப்பினாள். சனிக்கிழமை நடந்த அரையிறுதி. நீல அணி மூன்று புள்ளிகள் முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய இருபது வினாடி. மஞ்சள் அணி போட வேண்டிய கோலுக்குப் பக்கத்தில், கோட்டோரமாக, நீல அணியின் துளசிகாவின் கையில் பந்து. அவளை நோக்கி மஞ்சள் அணியின் சாம்பவி வருகிறாள். துளசிகா வலது முஷ்டியால் பந்தைத் தட்டுகிறாள். பந்து கோட்டைத் தாண்டி உருள்கிறது. வாகினி ஊதவில்லை. பந்து உள்ளே எறியப்படுவதற்குள் ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ஒலித்தது. நீல அணி இறுதிக்குப் போனது.

"பல் என்ன சொல்லுது?"

"வெளியேதான் அனுப்ப நெனச்சிருக்காங்க. நூத்துக்குத் தொண்ணூத்தேழு."

"சத்தம் கேட்டது. தெளிவாக் கேட்டது."

"அப்புறம் ஏன்க்கா ஊதலை?"

வாகினி வாழைப்பழத்தை முடித்துத் தோலைக் கைக்குட்டையில் சுற்றினார். "திருப்பிப் போடுங்கோ. மெதுவா. வலது கையைப் பாக்க வேண்டாம். இடது கையைப் பாருங்கோ."

துளசிகாவின் இடது கை சாம்பவியின் மார்புக்குக் குறுக்கே நீண்டிருந்தது.

"மறிச்சிருக்காங்க. பந்து இல்லாதவங்களை மறிக்கிறதும் தப்புதானே?"

"ஓம். அதுக்கும் ஃப்ரீ கிக் குடுக்கலாம். ரெண்டு குற்றம். ரெண்டையும் பாத்தனான், ரெண்டுக்கும் ஊதேல்லை. பாருங்கோ, அந்தக் கை தள்ளேல்லை. இழுக்கவுமில்லை. நான் டிராமைக் கொண்டு வரேக்க, சிவப்பு விளக்கைப் பாக்காமல் பிள்ளை றோட்டில காலை வைக்கும். தாய் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. கை மட்டும் இப்பிடிக் குறுக்க வரும். கிழமைக்கு நாலஞ்சு தரம் கண்ணாடிக்குள்ளால நான் காணுற கை. அதைத்தான் அண்டைக்கும் கண்டனான்."

"எதுக்காக அப்படி மறிச்சாங்க?"

"தெரியேல்லை. அதுதான் பிரச்சினை. துளசிகாவிட்டக் கேட்டா 'கை வழுக்கினது' எண்டுறா. அது பொய் எண்டு எனக்கும் தெரியும், உங்கட பல்லுக்கும் தெரியும்."

"சாம்பவி கிட்ட?"

"அவவும் தமிழ்ப் பிள்ளைதான். தாய் தமிழில கேட்டாலும் இங்கிலீசிலதான் பதில் வரும். நான் கேட்டதுக்கு 'ஐம் குட்' எண்டிட்டுக் காரில ஏறிட்டா."

நறுமுகை சாம்பவியின் விவர அட்டையைத் திரையில் திறந்தாள். இருபது வயது. முன்கள ஆட்டக்காரர். தலையில் அடிபட்ட அதிர்ச்சி: இரண்டு.

"இந்தப் பல் மண்டையில அடிபட்டாலும் காட்டும்தானே?" என்று கேட்டார் வாகினி.

"காட்டும்க்கா. அந்தப் பகுதியை அணைச்சு வெச்சிருக்கோம். ஆட்டக்காரங்க கேட்டுக்கிட்டாங்க. மூணாவது அதிர்ச்சி பதிவானா வாழ்நாளுக்கும் ஆட முடியாதுன்னு லீக்ல விதி இருக்குல்ல. அதைக் காட்டிக்கொடுக்கிற ஒண்ணை யாரு வாயில வெச்சுப்பாங்க?"

"மனசைக் காட்டிக் குடுத்தாப் பரவாயில்லை. மண்டையைக் காட்டக் கூடாது."

வாகினி எழுந்தார். போகிற போக்கில் திரையில் ஓரிடத்தைத் தொட்டார். கோடு அங்கே லேசாகக் கலங்கியிருந்தது.

"இதென்ன?"

"பேச்சு. பேசறப்பவும் தாடை அசையும். அது குறியைக் குழப்பும்னு வடிகட்டி எடுத்துடுவோம். அதோட மிச்சம்."

"ஆட்டத்தில எல்லாரும் கத்துறதுதானே," என்றார் வாகினி. "சரி பிள்ளை. நாலு மணிக்குச் சந்திப்பம். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ. எனக்காக ஒண்டும் மாத்த வேண்டாம். காரணத்தை அவங்கள் ஏற்காட்டி என்ர அம்பயர் அட்டையை எடுப்பாங்கள். மஞ்சளுக்கு அந்த ஃப்ரீ கிக்கைத் திருப்பிக் குடுப்பாங்கள். வாற வருசத்தில இருந்து சத்தம் வந்தா ஊதியே ஆக வேணும் எண்டும் எழுதிப்போடுவாங்கள். பிறகு அம்பயர் எதுக்கு? ஒரு நல்ல விசிலை வாங்கிப் பல்லோட பூட்டி விடலாம்."

அவர் போன பிறகு நறுமுகை வெகுநேரம் அந்தக் கலங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வடிகட்டியை நீக்கினாள்.

*

விசாரணை மைதானத்தை ஒட்டிய கூடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மூலையில் தேநீர்ப் பாத்திரமும் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரிகள் அடுக்கிய தட்டும். நீல அணி சன்னலோரம் உட்கார்ந்தது, மஞ்சள் அணி சுவரோரம். மஞ்சள் வரிசையின் கடைசியில் சாம்பவி. கூடத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் விலாவில் இடித்தாள்.

"என்ன, படப்பிடிப்பா? கையெழுத்தை இப்போதே வாங்கிக்கொள்ளட்டுமா?"

சாம்பவி சிரிக்கவில்லை. விளக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைவர் மார்கரெட் ஹாலோரன், ஓய்வு பெற்ற நீதிபதி. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. முதலில் மஞ்சள் அணியின் பயிற்சியாளர் கிரெக் எழுந்தார்.

"சட்டம் ஒரே கேள்விதான் கேட்கிறது. வேண்டுமென்றே அனுப்பினாளா? ஆம் என்கிறது பல். ஏன் அனுப்பினாள் என்று சட்டம் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் உதையைக் கொடுங்கள். சாம்பவிதான் பக்கத்தில் நின்றாள், அவள் உதைப்பாள். கோல் விழுந்தால் ஆறு புள்ளி, நாங்கள் இறுதிக்குப் போகிறோம்."

"வாகினி?" என்றார் தலைவர்.

"அந்தச் சட்டம் எதற்கு வந்தது?" என்றார் வாகினி. "முன்னால் இருக்கிற அணி நேரத்தைத் திருடக் கூடாது என்று. நான் ஊதுவதற்கு முன் அதைத்தான் பார்ப்பேன். இது திருட்டா?"

"மூன்று புள்ளி முன்னிலை, இருபது வினாடி பாக்கி," என்றார் கிரெக். "இது திருட்டு இல்லையென்றால் அவள் கூரை மேல் ஏறி அறிவித்தாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்."

இரண்டு பக்கமும் சிரித்தது. வாகினியும் சிரித்தார்.

"அப்படித்தான் தெரியும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருடுகிறவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அல்லது என்னைப் பார்ப்பார், நான் பார்த்தேனா என்று. இத்தனை வருடத்தில் அதைச் செய்யாத ஒருவரையும் நான் கண்டதில்லை. இந்தப் பெண் இரண்டையும் பார்க்கவில்லை. எதிரணிப் பெண்ணை ஒரு கையால் காத்துக்கொண்டு நின்றாள்."

"காத்துக்கொண்டு!" என்றது சுவரோரம்.

பின் வரிசையிலிருந்து ஓர் இளம் நடுவர் கை தூக்கினார். "எனக்கு வாகினியின் மேல் மரியாதை உண்டு. ஆனால் முகத்தைப் பார்த்து ஊதினால், நாளைக்கு நன்றாக நடிக்கத் தெரிந்தவர்கள் தப்பித்துவிடுவார்கள். நடிக்கத் தெரியாதவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பல் வந்த பிறகுதான் நான் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறேன்."

"நானும்தான்," என்றார் வாகினி. "அது உண்மை."

"இன்னொன்று," என்றார் கிரெக். குரல் சற்று இறங்கியது. "நடுவரும் துளசிகாவும் ஒரே மொழிக்காரர்கள். நான் எதுவும் சொல்லவில்லை. தெரிந்திருக்கட்டும் என்றுதான்."

வாகினி அவரைத் திரும்பிப் பார்த்தார். "சாம்பவியும் அதே மொழிதான், கிரெக். உங்கள் அணி."

கிரெக் உட்கார்ந்தார்.

அடுத்து துளசிகா. இருபத்து மூன்று வயது. கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கை வழுக்கியது," என்றாள்.

"பல் அப்படிச் சொல்லவில்லை," என்றார் தலைவர்.

"வழுக்கியது."

"அப்படியென்றால் கருவி பொய் சொல்கிறது என்கிறீர்களா?"

"இல்லை. நான் பொய் சொல்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை."

சன்னலோரத்தில் அவளுடைய அணித்தலைவி குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். யாரோ "ஐயோ, துளசி" என்றார்கள்.

நறுமுகையை அழைத்தார்கள். இரண்டு கேள்விகள்தான் இருக்கும் என்று அவளுடைய மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார். கருவி சரியாக வேலை செய்ததா? என்ன காட்டியது? அவள் இரண்டுக்கும் பதில் சொன்னாள். குரல் சரியாக எழவில்லை. தலைவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார்.

"நன்றி. வேறு ஏதாவது உண்டா?"

இல்லை என்று சொல்லி உட்கார வேண்டியதுதான். நறுமுகை உட்காரவில்லை.

"ஒன்று இருக்கிறது. பேசும்போது தாடை அசைவதை நாங்கள் இரைச்சல் என்று நீக்கிவிடுவோம். இன்று மதியம் அதை நீக்காமல் பார்த்தேன்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "பந்தைத் தட்டுவதற்கு முன்னால் துளசிகா பேசியிருக்கிறார். இரண்டு சின்னச் சொற்கள். கத்தவில்லை. வாய் அதிகம் திறக்கவில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி."

"என்ன சொற்கள்?"

"அது தெரியாது. பேசினார் என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் அதற்கு முன்பு அவருடைய குறி வெளியே இல்லை. உள்ளே இருந்தது. நாற்பது மீட்டர் தள்ளி நின்ற தன் தோழிக்கு உதைக்கப் போகிறார். பிறகு அந்தக் குறி அழிகிறது. பிறகு பேச்சு. அதற்குப் பிறகுதான் வெளியே அனுப்பும் எண்ணமே வருகிறது. வேண்டுமென்றேதான் அனுப்பியிருக்கிறார். பல் சொன்னது சரி. ஆனால் அந்த எண்ணத்துக்கு முன்னால் என்னவோ நடந்திருக்கிறது. எங்கள் கருவி அதைத் துடைத்துவிட்டுத்தான் உங்களிடம் பேசுகிறது."

அவ்வளவு நீளமாக அவள் ஆங்கிலத்தில் ஒரு கூட்டத்தின் முன் பேசியதில்லை.

தலைவர் துளசிகாவிடம் திரும்பினார். "யாரிடம் பேசினீர்கள்?"

"ஞாபகம் இல்லை."

"என்ன சொன்னீர்கள்?"

"ஞாபகம் இல்லை."

வாகினி தமிழில் கேட்டார். "சொல்லு பிள்ளை. ஏன் உன்னையே கெடுத்துக்கொள்ளுறாய்?"

துளசிகாவும் தமிழில் சொன்னாள், மேசையைப் பார்த்தபடி. "வாக்குக் குடுத்திட்டன் அக்கா. விடுங்கோ. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"இங்கே என்ன நடக்கிறது?" என்றார் கிரெக். "ஆங்கிலத்தில் பேசச் சொல்லுங்கள்."

வாகினி தலைவரிடம் சொன்னார்: "அவள் சொல்ல மாட்டாள். நான் இனிக் கேட்கவும் மாட்டேன். எனக்கு வேறு காரணம் இல்லை. கண்டதைச் சொல்லிவிட்டேன்."

அவர் சட்டைப்பையில் குத்தியிருந்த நடுவர் அட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். ஊசி துணியில் மாட்டிக்கொண்டது. அவசரப்படாமல் அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

சுவரோரம் ஒரு நாற்காலி நகர்ந்தது. சாம்பவி எழுந்து நின்றாள். ஒரு கை முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. மறு கையால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சத்தில் கண்கள் சுருங்கின.

"'இங்கே நில்' என்றாள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "அந்த இரண்டு சொல். என்னிடம்தான் சொன்னாள்."

"உட்கார், சாம்," என்றார் கிரெக்.

"அதற்கு முன்னால், பந்துக்காக எல்லாரும் விழுந்த குவியலில், ஒரு முழங்கால் என் காதுக்குப் பக்கத்தில் பட்டது. யாரும் பார்க்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். ஓடவும் செய்தேன்."

"சாம். யோசித்துப் பேசு. உனக்கு ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. இந்த அறையில் நீ எதுவும் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை."

"தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று துளசிகாவிடம் வாக்கு வாங்கியதும் நான்தான்."

துளசிகா தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று. சாம்பவி அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"துளசிகா எதற்காக உங்களை நிற்கச் சொன்னாள்?" என்று கேட்டார் தலைவர்.

"அவளிடம் நான் ஒன்று கேட்டேன்."

"என்ன கேட்டீர்கள்?"

"அடிபட்ட பிறகு எனக்கு ஆங்கிலம் வரவில்லை," என்றாள் சாம்பவி.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "அன்றைக்கு எப்படிக் கேட்டீர்களோ அப்படியே சொல்லுங்கள். வாகினி எனக்கு மொழிபெயர்ப்பார்."

வாகினியின் கை அட்டையின் மேல் நின்றது. சாம்பவி நீல அணியின் பக்கம் திரும்பினாள். மொழியைச் சற்று முன்தான் கற்றவள் போல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அக்கா, எங்கட கோல் எந்தப் பக்கம்?"